ஒரு மிடறு தண்ணீர் இறங்கும் நேரம்

கேட்கப்பட்ட கேள்வி இது: “அப்பாவுக்கு 68 வயது. இரண்டு மாதம் முன்பு லேசான பக்கவாதம் வந்தது. கழுத்து டாப்ளர் எடுத்த இடத்தில் ‘எச்சில் முழுங்காதீங்க’ என்று திரும்பத் திரும்பச் சொன்னார்கள். இப்போது, சாப்பிடும்போது அடிக்கடி புரையேறுவதால், ‘முழுங்கச் சொல்லி வீடியோ எக்ஸ்ரே எடுக்கணும்’ என்கிறார்கள். ஒரு அறையில் முழுங்காதே, இன்னொரு அறையில் முழுங்கு. அப்படி என்னதான் நகர்கிறது கழுத்துக்குள்? ரத்தக்குழாயும் சேர்ந்து நகருமா? அதை யாராவது படம் எடுக்கிறார்களா?”

அந்த இரண்டு அறையிலும் உட்காருகிறவன் நான். காலையில், மீயொலியால் ரத்த ஓட்டம் பார்க்கும் டாப்ளர் அறையில் “முழுங்காதீங்க ஐயா” என்று சொல்லிவிட்டு, மதியம், விழுங்குவதை எக்ஸ்ரேயில் பார்க்கும் பேரியம் அறைக்குப் போய் “ம்ம், இப்ப முழுங்குங்க” என்கிறேன். இத்தனை வருடத்தில் ஒரு நோயாளிகூட இதை எதிர்த்துக் கேட்டதில்லை. நீங்கள் கேட்டுவிட்டீர்கள், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் ஒரு காரியம் செய்யுங்கள். தாடைக்கும், தொண்டையில் புடைத்துத் தெரியும் சங்குக்கும் நடுவே, கழுத்து மடிகிற இடத்தில், கட்டைவிரலையும் சுட்டுவிரலையும் இரு பக்கமுமாக லேசாக வையுங்கள். லாடம் போல வளைந்த ஒரு எலும்பு அகப்படும். ஹயாய்டு. உடம்பில் வேறு எந்த எலும்போடும் மூட்டு இல்லாமல், தசையிலும் நாரிலும் தொங்கிக்கொண்டிருக்கும் எலும்பு அது. இப்போது எச்சிலை விழுங்குங்கள். விரலுக்கடியில் அது மேலே துள்ளி, முன்னால் பாய்ந்து, திரும்பி வந்து உட்காரும். அழுத்தாமல் செய்யுங்கள். குறிப்பாகக் கழுத்தின் பக்கவாட்டில், துடிப்பு தெரிகிற இடத்தில், இரண்டு பக்கமும் சேர்த்து ஒருபோதும் அழுத்தக் கூடாது. ரத்த அழுத்தத்தைக் கண்காணிக்கும் நரம்பு முனைகள் அங்கேதான் இருக்கின்றன, தலை சுற்றிக் கீழே விழ நேரலாம்.

விரலுக்குத் தெரிந்த அந்தத் துள்ளல்தான் முழுக் கதைக்கும் அச்சாணி.

தண்ணீர் நாக்கின் மேல் இருக்கிற வரை எல்லாம் உங்கள் இஷ்டம். வைத்திருக்கலாம், கொப்பளிக்கலாம், துப்பலாம். நாக்கின் அடிப்பகுதியைத் தாண்டி இறங்கியதும் கட்டுப்பாடு கைமாறிவிடுகிறது. அதற்குப் பிறகு ஓட்டுவது மூளைத்தண்டு. மென் அண்ணம் எழும்பி மூக்கின் பின்வாசலை அடைக்கும். மூச்சு நிற்கும். குரல் நாண்கள் ஒன்றோடொன்று ஒட்டும். ஹயாய்டு ஒன்று முதல் இரண்டு செ.மீ. வரை மேலும் முன்னுமாகப் பாய, அதில் தொங்கும் குரல்வளையும் ஏறக்குறைய 2 செ.மீ. ஏறி நாக்கின் அடியில் போய் ஒளிந்துகொள்ளும். குரல்வளை மூடி பின்பக்கமாகக் கவிழும். உணவுக்குழாயின் வாயிலில் எப்போதும் இறுகியே இருக்கும் தசை வளையம் அந்த ஒரு கணம் மட்டும் தளரும். தளர்ந்தால் மட்டும் போதாது. முன்னால் நகரும் குரல்வளைதான் அதை இழுத்துத் திறக்கிறது. பின்சுவர் மேலிருந்து கீழாகப் பிழிந்துகொண்டே வரும். ஏறக்குறைய 30 ஜோடித் தசைகள், ஐந்து ஜோடி மூளை நரம்புகள், எல்லாம் சேர்ந்து எடுத்துக்கொள்ளும் நேரம் சுமார் ஒரு விநாடி. அதன் பிறகு உணவுக்குழாய் தன் பாட்டுக்கு எட்டுப் பத்து விநாடி எடுத்து வயிற்றில் இறக்கிக்கொள்ளும், அந்தப் பகுதியில் அவசரம் கிடையாது.

தமிழில் மிடறு என்றால் தொண்டை. ஒரு வாய் தண்ணீருக்கும் அதே சொல்தான், ஒரு மிடறு. உறுப்பையும் அது செய்யும் காரியத்தையும் ஒரே சொல்லில் வைத்தவர்கள் கவனிக்கத் தெரிந்தவர்கள். ஆனால் நீலமிடற்றன் கதையில் மட்டும் எனக்கு ஒரு தொழில்முறை ஆட்சேபணை உண்டு. ஆலகால விஷம் தொண்டைக்கு வந்தபின் அங்கேயே நிறுத்துவது மனிதனால் ஆகாது. நாக்கைத் தாண்டிவிட்டால் முன்னேதான் போகும். சிவனுக்கே பார்வதி கழுத்தைப் பிடிக்க வேண்டியிருந்தது என்பதில் அந்த உண்மை ஒளிந்திருக்கிறது என்று சமாதானம் சொல்லிக்கொள்கிறேன்.

வீடியோ எக்ஸ்ரேக்கு வருவோம். இது புதிய சமாசாரம் என்று நினைக்காதீர்கள். ரான்ட்கன் 1895 கடைசியில் எக்ஸ்ரேயைக் கண்டுபிடித்தார். அடுத்த வருடம் டிசம்பரிலேயே, ஹார்வர்டில் மருத்துவம் படித்துக்கொண்டிருந்த வால்டர் கேனன், ஒரு வாத்தின் கழுத்தில் உணவு இறங்குவதை எக்ஸ்ரே திரையில் பார்த்துக்கொண்டிருந்தார். வாத்து எதற்கு? கழுத்து நீளம், பார்க்க நேரம் கிடைக்கும். உணவு திரையில் தெரிவதற்காக பிஸ்மத் உப்பைக் கலந்து கொடுத்தார். இன்றைக்கு அந்த இடத்தில் பேரியம் சல்பேட் இருக்கிறது, முறை அதேதான். மனிதனுக்கு வாத்தின் கழுத்து இல்லையே என்பதுதான் அதன்பின் வந்த எல்லோருடைய பிரச்சினையும். பதற்றத்தில் உடம்பு ‘சண்டை போடு அல்லது ஓடு’ என்று தயாராகிறது என்று பிற்காலத்தில் எழுதிப் புகழ்பெற்றவரும் இதே கேனன்தான். அந்தக் காலத்துப் பாதுகாப்பில்லாத கதிர்களால் அவருடைய தோல் பின்னாளில் பாதிக்கப்பட்டது.

நாங்கள் இன்று செய்கிற பரிசோதனையின் வடிவம் அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் இருந்த ஜெரி லோக்மன் என்பவரிடமிருந்து வந்தது. அவர் பேச்சு, விழுங்குதல் சிகிச்சை நிபுணர். அதற்கு முன்பு பேரியம் என்றால் நோயாளியிடம் ஒரு பெரிய டம்ளரைக் கொடுத்து மடமடவென்று குடிக்கச் சொல்லி, உணவுக்குழாயில் அடைப்பு இருக்கிறதா என்று பார்ப்பதோடு சரி. தொண்டை யார் கண்ணிலும் படாமல் கடந்து போய்விடும். லோக்மன் அளவைச் சுருக்கினார். 1 மி.லி., 3 மி.லி., 5 மி.லி. பிறகு கெட்டியாக, பிறகு பேரியம் தடவிய பிஸ்கட். நோயாளியை உட்காரவைத்து, பக்கவாட்டிலிருந்து, உதட்டில் ஆரம்பித்து கழுத்தின் அடிவரை ஒரே சட்டத்துக்குள் பிடிப்பது. ‘குக்கி ஸ்வாலோ’ என்றே அதற்கு ஒரு செல்லப் பெயர் இருந்தது.

உங்கள் அப்பாவுக்கு நடக்கப்போவது இதுதான். ஒரு காட்சி சொல்கிறேன். எழுபதை நெருங்கும் ஒரு பெரியவர், பக்கவாதம் வந்து ஆறு வாரம். நாற்காலியில் உட்காரவைத்தோம். ஸ்பூனில் 3 மி.லி. பேரியத் தண்ணீர். விழுங்கினார். இருமவில்லை, முகம் சுளிக்கவில்லை. “எப்படி இருந்துச்சு?” என்றால் “சுண்ணாம்புத் தண்ணி மாதிரி இருக்கு” என்கிறார். பக்கத்தில் நின்ற மகள், “வீட்லயும் இப்படித்தான் நல்லாத்தான் குடிக்கிறாரு டாக்டர்” என்கிறார். வீடியோவைப் பின்னுக்கு ஓட்டி, ஒவ்வொரு ஃப்ரேமாக நகர்த்தினோம். ஹயாய்டு கிளம்புவதற்குள் பேரியம் குரல்வளையின் விளிம்புக்கு வந்துவிட்டது. அடுத்த ஃப்ரேமில் விளிம்பைத் தாண்டியது. இன்னும் இரண்டு ஃப்ரேம் தள்ளி, குரல் நாண்களுக்குக் கீழே, மூச்சுக்குழாயின் முன்சுவரில், பென்சிலால் இழுத்தது போல ஒரு மெல்லிய கறுப்புக் கோடு. மகளிடம் திரையைக் காட்டினேன். அதன்பின் அவர் பேசவில்லை.

நமக்குப் புரையேறினால் உச்சந்தலையில் தட்டி “யாரோ நினைக்கிறாங்க” என்பார்கள். புரையேறுவது நல்ல அறிகுறி. தப்பான வழியில் போனதை உடம்பு கண்டுபிடித்துத் திருப்பி அனுப்புகிறது என்று அர்த்தம். அந்தப் பெரியவருக்கு நடந்தது சத்தமில்லாத புரையேறல். தொண்டையின் உணர்ச்சி மரத்துப்போனதால் இருமல் வரவில்லை. 1996-இல் ரோசன்பெக் குழுவினர் வகுத்த எட்டுப் படி அளவுகோலை இன்றும் பயன்படுத்துகிறோம். அதில் 8 என்றால் குரல் நாண்களுக்குக் கீழே போயும் வெளியேற்ற உடம்பு எந்த முயற்சியும் எடுக்கவில்லை என்று பொருள். உங்கள் அப்பாவுக்குப் புரையேறுகிறது, இருமுகிறார் என்றால் அந்த அளவில் கொஞ்சம் ஆறுதல்.

இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது. விநாடிக்கு 30 ஃப்ரேம் பதிவானால்தான் நான் சொன்ன அந்த இரண்டு மூன்று ஃப்ரேம் கிடைக்கும். கதிர் அளவைக் குறைக்கிறோம் என்று 8, 10 என்று இறக்கிவிட்டால் அந்தக் கறுப்புக் கோடு உள்ளே போன கணம் இரண்டு படங்களுக்கு நடுவே தொலைந்துவிடும். கதிரைக் குறைக்கப் பரிசோதனை நேரத்தைக் குறைக்க வேண்டும், ஃப்ரேமைக் குறைக்கக் கூடாது என்பது என் கட்சி. எல்லா இடத்திலும் இதை ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.

மூக்கு வழியாக மெல்லிய கேமராவை விட்டுப் பார்க்கும் முறையும் உண்டு. 1988-இல் சூசன் லாங்மோர் முதலியோர் அதைப் பரிசோதனை முறையாக வகுத்து வெளியிட்டார்கள். கதிர் இல்லை, கட்டிலிலேயே செய்யலாம், நிஜ ரசம் சாதமே கொடுக்கலாம். ஆனால் அதில் ஒரு வேடிக்கை. விழுங்கும் அந்தக் கணத்தில் தொண்டை கேமராவைச் சுற்றி இறுகிவிடும், கேமராவின் வெளிச்சமே திருப்பி அடித்து, திரை முழுக்க வெள்ளையாகிவிடும். எதைப் பார்க்கப் போனோமோ அது நடக்கும்போது கண்ணைக் கட்டிவிடுகிறது. முன்னால் தேங்கியதையும் பின்னால் மிஞ்சியதையும் வைத்து நடுவில் நடந்ததை ஊகிக்க வேண்டும். அதில் அனுபவசாலிகள் வெகு துல்லியமாக ஊகிப்பார்கள், அதையும் சொல்லிவிடுகிறேன்.

சரி, ரத்தக்குழாய். மேலே சொன்ன இரண்டு முறையிலும் ரத்தக்குழாய் தெரியாது. எக்ஸ்ரேயில் கரோட்டிட் தமனி தசையோடு தசையாகக் கரைந்துவிடும். அதனாலேயே விழுங்குவதைப் பார்த்தவர்கள் தமனியைப் பார்க்கவில்லை, தமனியைப் பார்த்தவர்கள் விழுங்கவிடவில்லை. உங்கள் கேள்வி சரியாக இந்த இடைவெளியில் விழுகிறது.

கழுத்தின் இரு பக்கமும் ஒவ்வொரு கரோட்டிட் மேலேறுகிறது. சங்கின் மேல்விளிம்பு மட்டத்தில் அது கவட்டைக் கிளை போல இரண்டாகப் பிரியும். ஒன்று மூளைக்கு, ஒன்று முகத்துக்கு. கொழுப்புப் படிவு விரும்பி உட்காரும் இடம் அந்தப் பிரிவு. இப்போது அந்த அக்கம்பக்கத்தைப் பாருங்கள். சங்குக் குருத்தெலும்பின் மேல் மூலையிலிருந்து ஒரு கொம்பு பின்னோக்கி நீட்டிக்கொண்டிருக்கிறது. அதற்கு மேலே ஹயாய்டின் பெரிய கொம்பு பின்னால் வந்து முடிகிறது. அதற்கும் மேலே, காதுக்கடியிலிருந்து எழுத்தாணி போல ஒரு எலும்பு முள் இறங்குகிறது, ஸ்டைலாய்டு. மூன்று கூர்முனைகளுக்குப் பக்கத்தில்தான் மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய் ஓடுகிறது. அதில் சங்கும் ஹயாய்டும் ஒவ்வொரு விழுங்கலுக்கும் ஏறி இறங்குகின்றன. மனிதன் நாளொன்றுக்குச் சுமார் 500 முதல் 700 தடவை விழுங்குகிறான், பெரும்பாலும் தன் எச்சிலையே. 600 என்று வைத்தாலும் வருடத்துக்கு இரண்டு லட்சம் தாண்டும்.

தமனி சுவரில் ஆணியடித்த பைப் அல்ல. அது ஒரு உறைக்குள், பக்கத்தில் பெரிய சிரை, நடுவில் வேகஸ் நரம்பு என்று மூன்றாகக் கிடக்கிறது. அந்த உறையைத் தொண்டைச் சுவரோடு இணைப்பது தளர்வான திசு. தொண்டை சுருங்கி மேலேறும்போது உறையும் கொஞ்சம் மேலும் உள்ளுமாக இழுபடும், முடிந்ததும் பழைய இடத்துக்கு வரும். பெரும்பாலானவர்களுக்கு இது சில மி.மீ. விவகாரம். யாருக்கும் எந்தத் தொந்தரவும் இல்லை.

டாப்ளரில் உங்கள் அப்பாவை விழுங்காதே என்றதற்குக் காரணம் அந்தச் சில மி.மீ.தான். ரத்தம் என்ன வேகத்தில் ஓடுகிறது என்று அளக்க, குழாயின் நடுவே ஒரு சின்னக் குறியை வைக்கிறோம், ஓட்டத்தோடு கோணம் 60 பாகைக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்கிறோம். மூளைக்குப் போகும் கிளையான உள் கரோட்டிடில் உச்ச வேகம் விநாடிக்கு 125 செ.மீ. தாண்டினால் பாதிக்கு மேல் அடைப்பு என்று சந்தேகிக்க வேண்டும். எல்லா முடிவும் ஒரு எண்ணில் தொங்குகிறது. அந்த நேரம் பார்த்து எச்சில் இறங்கினால் குழாய் குறியை விட்டு விலகும், கோணம் மாறும், திரையில் வரும் அலை அலங்கோலமாகும். ஜெல் தடவிய கழுத்தில் குரல்வளை எழும்பி, நாங்கள் கழுத்தில் வைத்துப் பார்க்கும் ப்ரோபையே ஒரு தள்ளு தள்ளிவிடும். “முழுங்காதீங்க” என்று சொன்னவுடன் எல்லோருக்கும் வாயில் எச்சில் ஊறும் என்பது வேறு விஷயம். நான் இப்போதெல்லாம் “ஒரு தடவை நல்லா முழுங்கிக்கங்க, அப்புறம் ஆரம்பிக்கிறேன்” என்று சொல்லிவிடுகிறேன்.

ஆனால் எல்லோருக்கும் சில மி.மீ.யோடு முடிவதில்லை. எழுபது தாண்டிய ஒரு அம்மா. வெளியூரில் எடுத்த, ரத்தக்குழாயைக் காட்டும் சி.டி. ஆஞ்சியோ கையில் இருந்தது. அதில் வலது கரோட்டிட் தன் இடத்தை விட்டு உள்ளே புகுந்து, தொண்டையின் பின்சுவருக்கும் முதுகெலும்புக்கும் நடுவே படுத்திருந்தது. வயதாகி, ரத்த அழுத்தமும் சேர்ந்து, தமனி நீண்டு வளைந்தவர்களிடம் அப்படிப் பார்ப்பதுண்டு. நான் ப்ரோபை வைத்தேன். தமனி சொன்ன இடத்தில் இல்லை, வழக்கமான இடத்தில் சாதுவாக ஓடிக்கொண்டிருந்தது. சி.டி.யில் பக்கம் மாற்றிக் குறித்துவிட்டார்களோ என்று திரும்பப் பார்த்தேன், இல்லை. “தொண்டை காயுது, ஒரு வாய் தண்ணி குடிச்சுக்கட்டுமா தம்பி” என்றார். ப்ரோபை எடுக்காமல் குடிக்கச் சொன்னேன். குரல்வளை எழுந்தது, திரை ஒரு கணம் கலங்கியது, அடங்கியபோது தமனி இருந்த இடம் காலி. ஹயாய்டின் நிழலுக்குப் பின்னால் வழுக்கி உள்ளே போய்விட்டிருந்தது. இன்னொரு வாய் குடிக்கச் சொன்னேன். அப்படியேதான் கிடந்தது. மூன்றாவது வாய்க்கு, கொக்கியிலிருந்து கயிறு நழுவுவது போல வெளியே வந்து விழுந்தது. சி.டி. பொய் சொல்லவில்லை, நானும் தப்பாகப் பார்க்கவில்லை. அது எடுத்தது ஒரு கணம், நான் பார்த்தது வேறொரு கணம்.

இந்தத் தாவலைப் பற்றி அதிகம் எழுதியவர்கள் ஜப்பானிய மருத்துவர்கள். சங்கின் மேல் கொம்பு விழுங்கும்போதெல்லாம் கரோட்டிடின் கொழுப்புப் படிவில் இடித்து, அதிலிருந்து துகள் உடைந்து மூளைக்குப் போய், திரும்பத் திரும்பப் பக்கவாதம் வந்த ஒரு நோயாளியைப் பற்றி ஒரு அறிக்கை வந்தது. நான் மேலே சொன்ன இட மாற்றத்துக்கு 2020 வாக்கில் ‘ஃப்ளிப்-ஃப்ளாப்’ என்றே பெயர் வைத்து, பக்கவாதத்துக்கு அதுவும் ஒரு காரணமாகலாம் என்று எழுதினார்கள். எழுத்தாணி முள் விஷயம் இவற்றுக்கெல்லாம் மூத்தது. அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் இருந்த வாட் ஈகிள் 1937-இல் எழுதினார். அந்த முள் வழக்கமாக 2.5 செ.மீ. சுற்றி இருக்கும், 3 செ.மீ. தாண்டினால் நீளம் என்று கணக்கு. நீண்ட முள் தொண்டையில் குத்துவது ஒரு வகை, கரோட்டிடை உரசுவது இன்னொரு வகை. விழுங்கும்போது ஒரு பக்கமாகக் காதுவரை இழுக்கும் வலி என்று வருகிறவர்களில் சிலருக்கு இதுதான் காரணமாக இருக்கும், பல வருடம் பல் டாக்டரிடமும் காது டாக்டரிடமும் அலைந்திருப்பார்கள்.

பயப்பட வேண்டாம், இவை அபூர்வம். பக்கவாதம் வந்த எல்லோரையும் தண்ணீர் குடிக்கவைத்து டாப்ளர் பார்க்க வேண்டியதில்லை. ஆனால் ஒரே பக்கத்து மூளையில் மறுபடி மறுபடி வருகிறது, இதயத்தில் குறை இல்லை, கரோட்டிட் அடைப்பும் பெரிதாக இல்லை, ஆனால் படிவு கரடுமுரடாக இருக்கிறது என்றால் அப்போது விழுங்கச் சொல்லிப் பார்ப்பதில் நியாயம் உண்டு. இரண்டு வேறு நாளில் எடுத்த படங்களில் தமனி இரண்டு வேறு இடத்தில் இருந்தாலும் அப்படியே. டான்சில் அறுவைக்கு முன் இது தெரிந்திருப்பது முக்கியம். தொண்டையின் பின்சுவரில் ஏதோ துடிக்கிறது என்று காது-மூக்கு-தொண்டை மருத்துவர் கண்டால், கத்தியைக் கீழே வைத்துவிட்டு எங்களைக் கூப்பிடுவார்.

அந்தப் பரிசோதனைக்குப் பெரிய கருவி தேவையில்லை. கழுத்து டாப்ளர் இருக்கிற எந்த இடத்திலும் செய்யலாம். நோயாளி படுக்கக் கூடாது, உட்கார வேண்டும். ப்ரோபை முன்னால் வைத்தால் குரல்வளை தள்ளிவிடும், அதனால் பக்கவாட்டில் கொஞ்சம் பின்னால் தள்ளி, குறுக்குவாட்டில் வைக்க வேண்டும். ஜெல் தாராளமாக, கை லேசாக. அழுத்தினால் நாமே தமனியை நகர்த்திவிட்டு நோயைக் கண்டுபிடித்ததாக நினைத்துக்கொள்வோம். முதலில் எச்சில், பிறகு தண்ணீர், பிறகு தலையைத் திருப்பிக்கொண்டு தண்ணீர். எல்லாவற்றையும் வீடியோவாகப் பதிய வேண்டும், அசையாத ஒற்றைப் படம் உதவாது. எலும்புக்குப் பின்னால் மீயொலி போகாது, காற்றுக்குள்ளும் போகாது. தமனி உள்ளே போய்விட்டால் போயிற்று என்பது தெரியும், எங்கே போய்க் கிடக்கிறது என்பது தெரியாது.

எலும்பு, தொண்டை, தமனி மூன்றையும் ஒன்றாகப் பார்க்க வேண்டும் என்றால் சி.டி.க்கும் எம்.ஆர்.ஐ.க்கும் போக வேண்டும். சாதாரண சி.டி.யில் மேசை நகர நகரப் படம் துண்டு துண்டாக வரும், அதற்குள் விழுங்கல் முடிந்துவிடும். 2007-இல் வந்த, 320 வரிசை உணரிகள் கொண்ட சி.டி. இதை மாற்றியது. ஒவ்வொரு வரிசையும் அரை மி.மீ., மொத்தம் 16 செ.மீ. மேசை நகராமலே நாக்கிலிருந்து உணவுக்குழாய் வாயில்வரை ஒரே சுற்றில் அடங்கிவிடும். ஜப்பானின் ஃபுஜிடா பல்கலைக்கழகத்தில் சி.டி. வளையத்துக்குள் சாய்வு நாற்காலியை நுழைத்து, பேரியம் கொடுத்து, விழுங்குவதை முப்பரிமாணத்தில் விநாடிக்குப் பத்துப் படமாக எடுத்தார்கள். குரல் நாண்கள் மூடும் நேரம் தண்ணீருக்கு ஒரு மாதிரியும் கெட்டியான திரவத்துக்கு ஒரு மாதிரியும் இருப்பதை அதில் அளந்தார்கள். தண்ணீர் வருகிறது என்றால் நாண்கள் முன்கூட்டியே மூடிக்கொள்கின்றன. தண்ணீர்தான் ஆபத்தானது என்று உடம்புக்குத் தெரிந்திருக்கிறது. பக்கவாத நோயாளிக்குத் தண்ணீரைக் கெட்டியாக்கிக் கொடுக்கச் சொல்வது ஏன் என்று யாராவது கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன்.

எம்.ஆர்.ஐ. பாடு தனி. கரோட்டிட் சுவரில் உள்ள படிவு எந்த வகை என்று பார்க்க எடுக்கும் எம்.ஆர்.ஐ.யில் ஒவ்வொரு தொடரும் நிமிடக்கணக்கில் ஓடும், பார்க்க வேண்டியதோ அரை மி.மீ. நுணுக்கம். நடுவே இரண்டு தடவை எச்சில் விழுங்கினாலே தமனியின் சுவர் இரட்டை இரட்டையாக, பேய் பிம்பமாக விழும். இதற்கு நேர் எதிராக, விழுங்குவதையே படம் எடுக்கும் வேகமான எம்.ஆர்.ஐ.யை ஜெர்மனியின் கோட்டிங்கனில் யென்ஸ் ஃப்ராம் குழுவினர் 2010 வாக்கில் கொண்டுவந்தார்கள். கதிர் கிடையாது, தசையும் தமனியும் எல்லாம் அசைவது தெரியும். பேரியத்துக்குப் பதில் அவர்கள் குடிக்கக் கொடுத்தது அன்னாசிப் பழச்சாறு! அதிலுள்ள மாங்கனீஸ் எம்.ஆர்.ஐ.யில் பளிச்சென்று தெரியும். குறை ஒன்றுதான். படுத்துக்கொண்டு விழுங்க வேண்டும். படுத்துக்கொண்டு யார் சாப்பிடுகிறார்கள்? புவியீர்ப்பு வேறு பக்கம் இழுக்கும்போது கிடைக்கும் படத்தை அப்படியே சாப்பாட்டு மேசைக்குப் பொருத்த எனக்கு மனம் வருவதில்லை.

உங்கள் அப்பாவின் விஷயத்துக்கு வருகிறேன். அவருக்கு இப்போது வேண்டியது வீடியோ எக்ஸ்ரே, அதைத் தள்ளிப்போடாதீர்கள். புரையேறல் நுரையீரலில் நிமோனியாவாக முடிகிற ஆபத்து உண்டு. ரத்தக்குழாய் தாவுகிறதா என்ற கேள்வி அவருடைய டாப்ளர் அறிக்கையைப் பார்த்த நரம்பியல் மருத்துவரிடம் கேட்க வேண்டியது, தயங்காமல் கேளுங்கள்.

பரிசோதனை அன்று ஒன்று கவனியுங்கள். நம் ஊரில் டம்ளரை உதட்டில் வைக்காமல் அண்ணாந்து ஊற்றிக் குடிப்போம். ஆரோக்கியமான தொண்டை அதைச் சமாளிக்கும், தொடர்ச்சியாகக் கடகடவென்று குடிக்கும்போது குரல்வளை மேலேயே நின்றுகூட விடும். பக்கவாதத்துக்குப் பின் அதே அண்ணாந்த கழுத்து ஆபத்து. தலை பின்னால் சாயும்போது தண்ணீர் நாக்கின் பிடியில் நிற்காமல் சரிந்து இறங்கும், மூச்சுக்குழாய் வாசல் நன்றாக மூடுவதும் சிரமம். பலருக்கு நாங்கள் சொல்லிக்கொடுப்பது நேர்மாறானது, தாடையை நெஞ்சுப் பக்கம் இறக்கிக்கொண்டு விழுங்குவது. அது எல்லோருக்கும் பொருந்தாது, பொருந்துகிறதா என்பதை அந்த வீடியோவிலேயே பார்த்துவிடலாம். பரிசோதனை அறையில் ஸ்பூனில் கொடுத்ததும் ஒழுங்காக விழுங்கிவிட்டு, வீட்டுக்கு வந்து சொம்பை அண்ணாந்து கவிழ்க்கிற பெரியவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அதனால் அவர் வீட்டில் எப்படிக் குடிக்கிறார் என்பதை எடுப்பவரிடம் முன்பே சொல்லுங்கள். தினமும் புழங்கும் டம்ளரைக் கொண்டுபோங்கள். பல்செட் வைத்துச் சாப்பிடுகிறவர் என்றால் அதையும் மறக்காதீர்கள், எக்ஸ்ரே என்றதும் கழற்றி வீட்டிலேயே வைத்துவிட்டு வருகிறவர்கள்தான் அதிகம். பேரியம் கெட்டியானது, அன்று மலம் வெள்ளையாகப் போகும், பயப்பட வேண்டாம், வழக்கமாகத் தண்ணீர் நிறையக் குடிக்கச் சொல்வோம். ஆனால் அவர் தண்ணீர் குடிக்கலாமா, எப்படிக் குடிக்கலாம் என்பதை வீடியோ பார்த்தவரிடம் கேட்டுக்கொண்டு கொடுங்கள்.